ரிம்மில் அமர மறுக்கும் டயர்

புது டயரை மாட்டிக் காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டதும், அது ஓரிடத்தில் மட்டும் தட்டித் தட்டி ஓடுவதைக் கண்டு, ரிம்மில் கோட்டம் விழுந்துவிட்டதென்று தீர்மானித்துப் போக்ஸ் கம்பிகளை முறுக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. அதற்கு முன் பார்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில், ரிம்முக்குச் சற்று மேலே, மெல்லிய ரேகை ஒன்று வட்டமாக வார்க்கப்பட்டிருக்கும். அந்த ரேகைக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவேயுள்ள இடைவெளி இருபுறமும் சுற்றிலும் சமமாக இருந்தால் டயர் சரியாகவே அமர்ந்திருக்கிறது, கோட்டம் எடுக்கப் போகலாம். ரேகை ஓரிடத்தில் ரிம்முக்குள் மறைந்தோ, துருத்திக்கொண்டோ நின்றால், டயரின் கம்பி வைத்த ஓரம் அதற்குரிய ஸ்தானத்துக்கு வந்துசேரவில்லை.

மறைவதும் துருத்துவதும் வெவ்வேறு வியாதிகள். வால்வின் அருகில் டயர் புடைத்து நின்றால், டியூபில் வால்வின் அடிப்பாகத்திலுள்ள தடித்த ரப்பர் டயரின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் இடையே சிக்கியிருக்கிறது என்று சந்தேகிக்கவேண்டும். அந்நிலையில் மேலும் காற்றடிப்பது டியூபை வெடிக்கவைப்பதற்கான சுருக்கு வழி. காற்றை முழுதும் இறக்கி, வால்வின் நட்டைத் தளர்த்தி, வால்வைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தி, டயரின் இரு ஓரங்களையும் அதன் இருபுறமும் படியவைத்து, பிறகு வால்வை வெளியே இழுத்துக்கொண்டால் காரியம் முடிந்தது.

பள்ளம் விழுந்த டயருக்குத்தான் உபாயங்கள் பல. கொஞ்சம் காற்றை மட்டும் விட்டுவைத்து, பள்ளமான இடத்தை இரு உள்ளங்கைகளாலும் பிடித்து வெளிப்புறமாக உருட்டி இழுப்பது முதலாவது. செலவில்லாதது, இளகிய பழைய டயருக்குப் போதுமானது, கம்பி இறுகிய புது டயரிடம் கைவலியைத் தவிர வேறு பலன் தராதது. காற்றின் அழுத்தத்தைக் கூட்டுவது இரண்டாவது; பெரும்பாலோர் முதலில் நாடுவதும் இதையே. பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குள் இது நியாயமான வழிதான். ஆனால் பெட்ரோல் பங்கின் காற்று யந்திரத்தைச் சைக்கிளுக்குப் பிரயோகிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மோட்டார் வண்டிகளுக்கு அமைந்த அந்த வேகத்தில், சிறிய சைக்கிள் டியூப் சில விநாடிகளில் எல்லை கடந்துவிடும். கைப்பம்பு மெதுவானதே என்றாலும், நாலு அடி அடித்து நிறுத்தி ரேகையைப் பரிசோதிக்க அவகாசம் தருகிறது.

இவ்விரண்டையும்விட உத்தமமானது சோப்பு நீர். டயர் பள்ளத்திலேயே தங்கிவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம், அழுத்தம் குறைந்திருப்பதன்று. உலர்ந்த ரப்பர் உலோகத்தைப் பற்றிக்கொண்டு வழுக்கி மேலேற மறுப்பதே. ஆகையால் காற்றை இறக்கிவிட்டு, சோப்பை நன்றாக நுரைக்கக் கரைத்து, ஈரத் துணியால் பள்ளமான இடத்திலும் அதற்கு இருபக்கமும் ஒரு சாண் தூரத்துக்கும் டயரின் ஓரத்தில் தடவி, பிறகு நிதானமாகப் பம்படித்தால், ஏதோ ஓர் அடியில் ‘டப்’பென்ற ஓசையுடன் ஓரம் வழுக்கி ஏறுவதைக் காதாலேயே அறியலாம். பின்னர், ஓட்டுவதற்குரிய அளவுக்குக் காற்றைக் குறைத்து, ஈரம் உலரவிட வேண்டும். சோப்புக்குப் பதிலாக எண்ணெயோ கிரீஸோ தடவுவது கூடாது: அவை ரப்பரைக் கெடுப்பதோடு, உலராமல் நின்று, பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின்மேல் நழுவி டியூபின் வால்வைக் கிழிக்கவும் இடமுண்டு.

டியூபில்லாத நவீன டயர்களுக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. அங்கே காற்று சடுதியில் பாய்ந்தால்தான் ஓரம் பிடிக்குமாதலால், வால்வின் உட்கருவைக் கழற்றிவிட்டு அடிப்பது அனுகூலம். உட்புறக் கொக்கி இல்லாத ரிம்மானால் 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பவுண்டு, தாண்டக்கூடாத எல்லை.

எதற்கும் இணங்காத டயரானால் அதன் அளவைப் பார்க்கவேண்டும். ‘28 அங்குலம்’ என்ற ஒரே பெயரில் 635 மில்லிமீட்டர் டயரும் 622 மில்லிமீட்டர் டயரும் விற்பனையாகின்றன. நம் ஊர்ப் பழைய கனத்த சைக்கிள்களுக்கு உரியது முன்னது. அதைப் பின்னதன் ரிம்மில் மாட்டினால், 13 மில்லிமீட்டர் தொளதொளப்பில், காற்றேறியதும் கழன்று தெறிக்கும். மாற்றி மாட்டினாலோ ஏறவே ஏறாது. பக்கச் சுவரில் 40-635 என்பதுபோல் அச்சிட்ட எண்களில் இரண்டாவதே நமக்கு வேண்டியது. அந்த எண் ரிம்மோடு பொருந்தியும் பள்ளம் நீங்காவிட்டால், டயரின் உள்ளே கம்பியே நெளிந்திருக்கக்கூடும். ரசீது கையிலிருக்கும்போதே கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்லலாம்.