சாதுவான நாயை எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போகலாமா?

“நாய் சாதுவாக இருந்தால் போதும், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் என்று எங்கே அழைத்துப் போனாலும் ஆறுதல் தரும்.” சிகிச்சைத் துணை நாய் பற்றிப் பேச்செடுத்தாலே இந்த வாக்கியம் வந்து விழுகிறது. எத்தனை முறை மறுத்தாலும் ஓயமாட்டேன் என்கிறது. வீட்டில் சாதுவாக இருப்பது ஒரு குணம். முன்பின் தெரியாத பத்துக் கைகள் மேலே விழும்போதும் நிம்மதியாக இருப்பது முற்றிலும் வேறு குணம். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாயின் காது 40,000-ஐத் தாண்டியும் கேட்கும். நமக்கு அமைதியாகத் தெரியும் வார்டு அதற்கு இரைச்சலாக இருக்கலாம். பினாயில் நெடி வேறு. வழவழப்பான தரையில் நகம் ஊன்றாமல் பின்னங்கால்கள் விலகி விலகிப் போகும்போது எந்த நாய் யாருக்கு ஆறுதல் தரும்? 1960-களில் இந்தச் சிகிச்சை முறைக்கு வித்திட்ட நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ், பழகிய அறையில்தான் இருந்தது. சிகிச்சைக்காகக் குழந்தைதான் அங்கே வந்தது. அந்தக் கதையைச் சொல்பவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

“வாலை ஆட்டுகிறதே, சந்தோஷமாகத்தானே இருக்கிறது?” என்பார்கள். வாலாட்டல் எல்லாம் சந்தோஷம் அல்ல. 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கவனித்ததில், வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்தது. மிரட்டும் அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. வாலை விட்டு முகத்தைப் பாருங்கள். தூக்கம் வராதபோதும் கொட்டாவி, மூக்கைத் தொட்டுத் தொட்டு மீளும் நாக்கு நுனி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணில் பிறைபோல் தெரியும் வெள்ளை: இவை மூன்றும் சேர்ந்தால் அந்த நாய் வெளியே போகக் கெஞ்சுகிறது என்று பொருள். பயிற்சி கொடுத்தால் பழகிவிடும் என்பது அடுத்த சமாதானம். பயிற்சி உட்காரச் சொல்லித்தரும். அந்த இடத்தைப் பிடிக்க வைக்காது. அதட்டி அதட்டி உறுமலை அடக்கிய நாய் ஒருநாள் எச்சரிக்காமலே கடிக்கலாம். ஆகவே இடத்தைத்தான் நாய்க்கு ஏற்பத் தேட வேண்டும். குழந்தைகள் நாய்க்குக் கதை வாசித்துக் காட்டும் திட்டம் 1999-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கியது. அதற்கு ஒரு பிள்ளையின் அருகே அசையாமல் படுத்திருக்கும் நாய் வேண்டும். 2013 முதல் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் பயணிகளிடையே உலவும் நாய்களுக்கோ கூட்டம் பிடிக்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்டினால் இரண்டும் கெடும்.

நாள் முழுக்க வேலை வாங்கலாம் என்பதும் பொய். சிகிச்சைத் துணை விலங்குகளைப் பதிவு செய்யும் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை; ஒரு வயது நிரம்பாத நாயைச் சேர்ப்பதும் இல்லை. பச்சை இறைச்சி தின்னும் நாய்க்கும் அங்கே இடமில்லை, கிருமி நோயாளிக்குத் தொற்றும் என்பதால்.

லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும்தான் இதற்கு லாயக்கு என்பதைக் கேட்டால் கோபமே வருகிறது. அடர்ந்த ரோமத்தோடு சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும் நாயை வாசலிலிருந்து வார்டுவரை நடத்திப் போவது என்ன நியாயம்? இந்த வேலை நம் ஊருக்குப் புதிதும் அல்ல: நாய்களை நோயாளிகளிடம் அழைத்துச் செல்லும், ஹாங்காங்கில் 1991-இல் பிறந்த ‘டாக்டர் டாக்’ திட்டத்தைச் சென்னையில் ப்ளூ கிராஸ் விலங்குநல அமைப்பும் நடத்தியது. நம் வெயிலுக்குப் பழகிய நாட்டு நாய்கள் காப்பகங்களில் நிறையவே இருக்கின்றன. நாய் கேட்டு வரும் நிர்வாகங்கள் முதலில் அவற்றைப் போய்ப் பார்க்கட்டும். அதற்கு முன், வழுக்காத ஒரு பாய், ஒரு கிண்ணம் தண்ணீர், நாய் எழுந்து போக நினைத்தால் திறந்திருக்கும் ஒரு கதவு, இம்மூன்றும் தங்கள் இடத்தில் உண்டா என்று பார்த்துக்கொள்ளட்டும்.