பெட்டி வாங்குவதற்கு முன்னால்

உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் வீடுகளுக்கு நெட் போட்டுத் தரும் வேலையில் இப்போது நிறைய பிள்ளைகள் இறங்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர் திருமுக்கூடலில் மட்டும் தெருவுக்கு ஒருவர் கையில் கிரிம்பிங் டூல் இருக்கிறது. கேபிள் டிவி காலத்திலிருந்து கம்பி இழுத்தவன் என்பதால் என்னிடம் வந்து, “எந்த ரூட்டர் நல்லது, சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். ரூட்டரின் பெயரைச் சொல்வது சுலபம். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன.

1. கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றி நட. நம் பக்கத்து வீடு பெரும்பாலும் முன்னால் புதுக் காங்கிரீட், பின்னால் தாத்தா காலத்து ஓட்டுக்கட்டு, அதற்கும் பின்னால் மாட்டுக்கொட்டகை. நடுவில் இருப்பது ஒன்றரை அடி மண்சுவர். பெண் எந்த அறையில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு பார்க்கிறாள், பெரியவர் எங்கே கட்டில் போட்டு போன் பார்க்கிறார் என்று கேள். அவர்களுக்கும் பெட்டிக்கும் நடுவே எத்தனை சுவர் என்று எண்ணு. இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரூட்டரை ஒளித்துவைத்துவிட்டு ‘சிக்னல் இல்லை’ என்று கூப்பிடுபவர்கள்தான் அதிகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து மெதுவாகவாவது போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாகப் போகும், மண்சுவரில் நின்றுவிடும்.

2. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியைக் கேவலமாக நினைக்காதே. அந்த ஓஎன்டிக்குள்ளேயே ரூட்டர், வைஃபை, நாலு போர்ட் சுவிட்ச், சின்னதாக ஒரு ஃபயர்வால் எல்லாம் இருக்கின்றன. இரண்டு அறை வீட்டுக்கு அது போதும். வாடிக்கையாளரிடம் அப்படியே சொல். விற்றுவிட்டுப் போவதற்கு ஒரு பெட்டி குறைந்தால் குறையட்டும்.

ஆனால் அந்தப் பெட்டியில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, உள்ளே வரும் ஒளியின் அளவு. பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் அது டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது, அல்லது பச்சைக் கனெக்டரின் நுனியில் அழுக்கு. கல்குவாரி லாரி ஓடும் ரோட்டோரம் தூசிக்குப் பஞ்சமே இல்லை. நுனியைத் துடைக்காமல் செருகாதே. இதைச் சரிசெய்யாமல் எத்தனை ஆயிரத்துக்கு ரூட்டர் வாங்கி மாட்டினாலும் வீண். இரண்டு, போர்ட். விலை குறைந்த ஓஎன்டிகள் பலவற்றில் முதல் போர்ட் மட்டுமே கிகாபிட், மற்றவை 100 மெகாபிட்தான். உன் ரூட்டரை எந்த ஓட்டையில் செருகுகிறாய் என்பதிலேயே பாதி வேகம் போய்விடும்.

3. ஸ்பீட் டெஸ்டில் 94 வந்தால் உடனே கம்பியைப் பார். 200 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டுகிறவர் வீட்டில் 94, 93, 94 என்று அசையாமல் நின்றால், எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. 100க்கு நாலு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலக் கம்பியோ பிரவுன் கம்பியோ பின்னுக்குள் முழுதாகப் போய் உட்காராமல் இருந்தாலும் நெட் ஓடும், விளக்கு எரியும், யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். வேகம் மட்டும் பாதியாகிவிடும். கனெக்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்து நுனியைப் பார்: எட்டுச் செம்புப் புள்ளிகளும் தெரிய வேண்டும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசை வர வேண்டும்.

4. செம்புக் கம்பி வாங்கு. ‘கேட்6’ என்று பெட்டியில் அச்சிட்டுவிட்டு உள்ளே அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். 305 மீட்டர் சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். முலாம் கம்பி மடக்கினால் ஒடியும், கேமராவுக்குக் கரண்ட் கொண்டுபோனால் சூடாகும். ரூட்டரை மூன்று நாலு வருஷத்தில் மாற்றப்போகிறாய்; சுவருக்குள் போன கம்பியை யார் மாற்றுவது? பணத்தை அங்கே செலவழிக்கச் சொல்.

5. ரூட்டர் வாங்கும்போது ஆண்டெனாவை எண்ணாதே. எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டா, இரண்டு அலைவரிசையும் உண்டா, வைஃபை 6 இருக்கிறதா, டபிள்யூபிஏ3 பாதுகாப்பு உண்டா, இந்த மாடலுக்கு நிறுவனம் இன்னமும் மென்பொருள் புதுப்பிப்பு தருகிறதா என்று பார். கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெட்டி, நிறுவனம் கைவிட்ட மாடலாக இருக்கலாம். போர்ட் எல்லாம் வேலை செய்யும். பாதுகாப்பு ஓட்டையை மட்டும் இனி யாரும் அடைக்கமாட்டார்கள். பெட்டி பழுதானால் காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ மாற்றித் தர ஆள் உண்டா என்பதும் என் கணக்கில் வைஃபை 7ஐவிடப் பெரிய வசதி.

வாங்கிய ரூட்டரை ஓஎன்டிக்குப் பின்னால் அப்படியே செருகினால் இரண்டுமே ரூட்டராக வேலை செய்யப் பார்க்கும். இரண்டும் 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டால் சண்டைதான். ஓஎன்டியைப் பிரிட்ஜ் மோடில் போட்டு உன் ரூட்டரை முன்னிறுத்து. அல்லது உன் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டு, முகவரி வழங்கும் வேலையை ஓஎன்டிக்கே விடு. பின்கட்டுக்கு வைஃபை வேண்டுமென்றால் ரிப்பீட்டர் வாங்காதே. அது வாங்கும் சிக்னலையே திருப்பிச் சொல்வதால் வேகத்தில் பாதி தின்றுவிடும். கம்பி இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வை.

6. சுவிட்சுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். உலோக உறை போட்ட ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். மேனேஜ்டு சுவிட்ச் வீட்டுக்கு வேண்டியதில்லை. ஒரே கம்பியின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் யாராவது செருகிவிட்டால் வீடு முழுக்க நெட் நின்றுபோகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முதலில் இதைத் தேடு. கேமராவுக்குக் கம்பியிலேயே கரண்ட் தரும் சுவிட்ச் என்றால் 802.3ஏஎஃப் என்று எழுதியிருக்க வேண்டும். அது எதிரே இருப்பது யார் என்று பார்த்துவிட்டுத்தான் கரண்ட் விடும். பழைய வயர்லெஸ் பெட்டிகளோடு வரும் 24 வோல்ட் இன்ஜெக்டர் அப்படிக் கேட்காது. லேப்டாப்பைச் செருகினால் போர்ட் புகைந்துபோகலாம்.

7. ஃபயர்வாலுக்குத் தனிப் பெட்டி வேண்டுமா என்று கேட்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால் வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் போட்ட சின்னக் கணினியை நானும் சிபாரிசு செய்திருக்கிறேன், வீட்டிலிருந்து கம்பெனி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு. மற்றவர்களுக்கு அது பூட்டிய அறையாகிவிடும். விதி எழுதியவன் சென்னைக்குப் போய்விட்டால் திறக்க ஆள் இருக்காது.

இருக்கிற பெட்டியிலேயே செய்ய வேண்டியதைச் செய். அட்மின் கடவுச்சொல்லை மாற்று. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஒரு தீநிரலால் கூட்டமாக முடங்கினபோது மாட்டியவை ‘அட்மின்’ என்ற கடவுச்சொல்லை மாற்றாத மோடம்கள். அதற்கு முந்தைய வருஷம் மிராய் என்ற நிரல் அறுபதுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அந்தப் படையை வைத்துத்தான் 2016 அக்டோபர் 21 அன்று டுவிட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் பல மணி நேரம் திணற வைத்தார்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணை. டபிள்யூபிஎஸ் பொத்தானை அணை. அதன் எட்டு இலக்க எண்ணைச் சுமார் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011லேயே அம்பலமாகிவிட்டது. யுபிஎன்பியை அணை. ஐபிவி6 பக்கத்தில் ஃபயர்வால் ‘ஆன்’ என்று இருக்கிறதா பார். பழைய முறையில் வீடு முழுக்க ஒரே முகவரிக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஐபிவி6இல் ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் வெளியுலக முகவரி ஒன்று உண்டு, மறைப்பு கிடையாது.

8. கேமரா வைக்கும் வீட்டில் ‘போர்ட் ஃபார்வர்டு பண்ணித் தரேன்’ என்று வாய்விடாதே. முதலில் ரூட்டரின் வெளி முகவரியைப் பார். 100.64 முதல் 100.127 வரையில் ஏதாவது ஒன்றில் தொடங்கினால், அது பல வீடுகளுக்குச் சேர்த்துப் போட்ட பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறது. உன் பக்கம் எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வரமுடியாது. கொட்டகைக் கேமராவைத் துபாயிலிருந்து மகன் பார்க்க வேண்டுமென்றால் கேமராவின் சொந்தச் செயலியோ, வீட்டுப் பக்கமிருந்தே வெளியே இணையும் விபிஎன்னோ போதும். 2025 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். மலிவாகத் தருகிறார்கள் என்று பழைய சரக்கை எடுத்து வராதே.

9. இடி. ஆவணி மாலை இடியும் ஐப்பசி மழையும் நம் ஊரில் எத்தனை அடாப்டரைத் தின்றன என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஃபைபர் கண்ணாடிதான், மின்னல் அதில் ஏறாது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் டிராப் கேபிளில் ஒரு எஃகுக் கம்பி கூடவே வரும். அதை வாசல் கொக்கியோடு வெட்டி நிறுத்து, வீட்டுக்குள் கொண்டுவராதே. வீட்டுக்கும் பம்புசெட்டுக்கும் நடுவே வயல்வழியாகச் செம்புக் கம்பி இழுக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல். 100 மீட்டருக்குமேல் அது ஓடாது என்பது ஒரு காரணம். இரண்டு கட்டடத்துக்கும் இரண்டு எர்த் என்பது அதைவிடப் பெரிய காரணம். மோட்டார் ஓடும்போதும் இடி விழும்போதும் அந்த வித்தியாசம் உன் சுவிட்ச் வழியாகத்தான் தீர்த்துக்கொள்ளும். இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் ஒரு ஃபைபரும் போதும்.

கரண்ட் போனால் நெட்டும் போகிறது என்பார்கள். ஓஎன்டியும் ரூட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட். அதற்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் மாட்டிவிடு. ஆம்பியரைச் சேர்த்துப் பார், வோல்ட்டை மட்டும் பார்த்து வாங்காதே. கிரஷர் பக்கத்து வீடுகளில் மாதம் ஒருமுறை ரூட்டரின் காற்றுத் துளைகளைப் பிரஷ்ஷால் துடைக்கச் சொல். மாவுபோல் படிந்திருக்கும்.

10. எழுதிக்கொடு. நம் ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. இங்கே நடந்த ஆதுலசாலை என்ற மருத்துவமனையில் 15 படுக்கை, மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், பணிப்பெண்கள், அவரவருக்கு எவ்வளவு நெல், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் என்று வரிவரியாக வெட்டிவைத்திருக்கிறார்கள். யார் வந்து பொறுப்பேற்றாலும் அதைப் படித்து நடத்தலாம். நீ போட்ட வீட்டு நெட்டுக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும்: எந்தப் பெட்டி எங்கே, எந்தப் போர்ட்டில் எது, எந்த முகவரி, எந்த நாளில் மாட்டியது, நிறுவனத்துக் கணக்கு எண். சுவிட்ச்போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டு. அட்மின் கடவுச்சொல்லை மட்டும் தனித் தாளில் எழுதி வீட்டம்மா கையில் கொடு, அவர் பணப்பெட்டியில் வைத்துக்கொள்வார்.

11. கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் தனிக் கடவுச்சொல்லோடு போட்டு வை. தைப் பொங்கலை ஒட்டிப் பார்வேட்டைத் திருவிழாவுக்குக் காஞ்சி வரதர் ஆற்றைக் கடந்து இங்கே வரும்போது வீட்டுக்கு வீடு உறவுக்காரர்கள்; அத்தனை பேரும் கேட்பது முதலில் தண்ணீர், அடுத்து வைஃபை. வீட்டுக் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுத்தால் அது அடுத்த பொங்கலுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். கேமராவும் டிவியும் இருக்கும் வலையில் விருந்தாளி போன் வேண்டாம். திருவிழா முடிந்ததும் கெஸ்ட் கடவுச்சொல்லை மாற்று.

12. பழைய பெட்டியைக் கழற்றினால் பின்னாலிருக்கும் ஊசித்துளையைப் பத்து வினாடி அழுத்திப் பிடி. எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து எரியும். பிறகு அடாப்டரோடு சேர்த்து ரப்பர்பேண்ட் போட்டு உரியவரிடம் கொடு. ஓஎன்டி நிறுவனத்துடையது என்றால் ரசீது வாங்காமல் திருப்பித் தராதே.