பிக்கப் வண்டியின் வில்லும் பாரமும்

வண்டி உருளுவதற்குச் சக்கரம் வேண்டும்; உருளும்போது உடையாதிருப்பதற்கு வில் வேண்டும். செப்பமான சாலையிற் செல்லுங்கால் வில்லின் அருமை நமக்குப் புலப்படுவதில்லை. சாலை முடிந்து மணலும் கல்லும் தொடங்குமிடத்தே அது நன்கு விளங்கும். ஆஸ்திரேலியா தேசத்தில் அத்தகைய இடங்கள் பல. சிம்ஸன் பாலைவனத்தில் ஏறத்தாழ 1,100 மணற்குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்துக் கிடக்கின்றன. கிம்பர்லிப் பகுதியிலுள்ள கிப் ரிவர் சாலை ஏறத்தாழ 660 கி.மீ. நீளமுடையது, அதன் நெடும் பகுதிகள் தார் காணாத சரளைப் பாதைகளே. இவ்வழிகளிற் போகக் கருதுவோர் பலர் தம் பிக்கப் வண்டியின் வில்களை மாற்றி வலுப்படுத்திக் கொள்ளுகின்றனர். அங்ஙனம் மாற்றுவதால் எய்துவன யாவை, இழப்பன யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இருவேறு தொழிலுடைய வண்டி

1932-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா போர்டு கம்பெனிக்கு உழவர் ஒருவரின் மனைவி கடிதம் எழுதினாரென்றும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் ஏற்ற ஒரே வண்டியை வேண்டினாரென்றும் கூறுவர். 1934-இல் அக்கம்பெனியின் ஜீலாங் தொழிற்சாலையில் லூயிஸ் பாண்ட் என்பவர் வகுத்த வண்டி வெளிவந்தது. அந்நாட்டார் இன்றும் பிக்கப் வண்டியை ‘யூட்’ என்றே வழங்குகின்றனர்.

முறுவல் விளைக்கும் இவ்வேண்டுகோளிலேயே பிக்கப் வண்டியின் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. ஞாயிறன்று வண்டி வெறுமையாய் ஓடும். திங்களன்று பாரத்தோடு ஓடும். ஒரே வில் இவ்விரண்டு நாளுக்கும் பொருந்தவேண்டும். ஆதலின் இவ்வகை வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் பின்னச்சின் இருபுறமும், பல எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் கட்டிய பட்டைவில்லை வைக்கின்றனர். அடியிலுள்ள பட்டை, பாரம் மிகுந்தபோது மட்டுமே துணைக்கு வருவதும் உண்டு. டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியில் 2005 முதல் முன்புறம் சுருள்வில்லும், பின்புறம் பட்டைவில்லும் அமைந்திருத்தலைக் காணலாம்.

வில்லின் கணக்கு

வில்லை எவ்வளவு விசையோடு அழுத்துகின்றோமோ அவ்வளவுக்கேற்ப அது தாழும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கி வெளியிட்டார். நம் பொருளை அறிய இவ்வொரு விதியே பெரிதும் போதும்.

ஒரு வண்டியின் பின்வில்கள் இரண்டும் சேர்ந்து 8 கிலோ பாரத்துக்கு 1 மி.மீ. தாழ்வன என்றும், வெறும் வண்டியில் அவை 800 கிலோவைத் தாங்குகின்றன என்றும் கொள்வோம். அவற்றின்மேல் இன்னும் 600 கிலோ ஏற்றினால் வண்டியின் பின்புறம் 75 மி.மீ. தாழும். அப்பொழுது அச்சுக்கும் அதன்மேலுள்ள ரப்பர்த் தடுப்புக்கும் இடையே எஞ்சுவது சிறிதே. பள்ளத்தில் விழுந்த மாத்திரத்தில் வில்லின் வேலை முடிந்து, அடி நேரே சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின்மேல் விழும்.

இதனைத் தவிர்க்க, 12 கிலோவுக்கு 1 மி.மீ. தாழும் கடுமையான வில்களைப் பூட்டுவோமாயின், அதே 600 கிலோவுக்கு வண்டி 50 மி.மீ. மட்டுமே தாழும். இது நன்மையே. ஆயினும் பாரத்தை இறக்கிய பின் நிகழ்வதையும் நோக்கவேண்டும். முதல் வில்லின்மேல் வெறும் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 1.6 முறை அசையும், பாரத்தோடு 1.2 முறை அசையும். கடுமையான வில்லின்மேல் பாரவண்டி 1.5 முறையும், வெறும் வண்டி 1.9 முறையும் அசையும். அஃதாவது, பாரமுள்ளபோது செவ்வனே நடக்கும் வண்டி, பாரமில்லாதபோது துள்ளும். துள்ளும் சக்கரம் தரையைப் பற்றாது. பற்றாத சக்கரத்தால் ஏறவும் இயலாது, நிற்கவும் இயலாது. எனவே எப்பொழுதாவது ஏற்றும் பாரத்தைக் கருதாமல், என்றும் வண்டியோடு இருக்கும் பாரத்தை அளந்தே வில்லைத் தெரிந்து கொள்ளல் வேண்டும். அதற்கு எடைமேடையே தக்க ஆசான்; மனக்கணக்கு உதவாது.

அதிர்வை அடக்குதல்

வில் தான் பெற்ற விசையை வைத்துக் கொள்ளாது, திருப்பிக் கொடுக்கும். தடுப்பாரின்றேல் வண்டி ஒரு மேட்டைக் கடந்த பின்னும் பலமுறை எழுந்து தாழும். அதனை அடக்குவது ஷாக் அப்ஸார்பர் என்னும் கருவி. அதனுள்ளே ஓர் உந்துதண்டு எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளுகின்றது. அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகின்றது. வில் கடுமையானால் அது திரும்பியெழும் வேகமும் மிகும். ஆதலின் வில்லை மட்டும் மாற்றி, பழைய ஷாக் அப்ஸார்பரை விட்டுவைத்தல் பாதி வேலையேயாகும்.

சரளைப் பாதைகளிற் குறுக்கே வரிவரியாய் எழும் நெளிவுகள் இக்கருவிக்குப் பெருஞ் சோதனையாகும். இவை ஏன் உண்டாகின்றன என்பதைக் கீத் மேதர் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1963-இல் வெளியிட்டார். மணற்பாதையில் சிறு சக்கரமொன்றைச் சுழலவிட்டு, வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் வரிகள் தோன்றுவதை அவர் கண்டார். வில்லில்லாத சக்கரத்துக்கும் இது பொருந்தும். ஆகவே வரிகளைத் தோற்றுவிப்பது வண்டியின் வில்லன்று, அதன் வேகமே எனலாம்.

வரிக்கும் வரிக்கும் இடையே முக்கால் மீட்டர் இருக்குமாயின், மணிக்கு 54 கி.மீ. வேகத்திற் செல்லும் சக்கரம் விநாடிக்கு 20 முறை அடிபடும். ஒரு மணி நேரத்தில் 72,000 முறை! இத்தனை அடியின் ஆற்றலும் அக்குழாயினுள்ளே வெப்பமாகின்றது. எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும். காற்றோடு கலந்து நுரைக்கவும் கூடும். நுரைக்கு எதிர்க்கும் வலி குறைவு. அப்பொழுது ஓட்டுநர் அறியாமலே வண்டி அடக்கமிழக்கின்றது. இதற்காகவே நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தில் எண்ணெயை வைக்கும் வகையும், எண்ணெயையும் வாயுவையும் மிதக்கும் தடுப்பொன்றாற் பிரித்து வைக்கும் ஒற்றைக்குழாய் வகையும், மிகுதி எண்ணெய்க்குத் தனிக்கலம் உடைய வகையும் வழங்குகின்றன. நெடுந்தூரம் சரளையிற் செல்வோர் செய்யத்தக்க முதற் செலவு இதுவே. செலவில்லாத வழியும் ஒன்றுண்டு. டயரும் ஒரு வில்லே. அதன் காற்றைத் தக்க அளவு குறைத்து, வேகத்தையும் குறைத்தால், அடியின் ஒரு பகுதி மேலே ஏறாமற் கீழேயே தணியும்.

உயர்த்துதலின் வரம்பு

வண்டியை உயர்த்துதலே வில் மாற்றத்தின் பயனென்று கருதுவோர் பலர். உயர்த்தினால் வண்டியின் அடிப்பாகமும் முன்முகப்பும் கல்லில் இடியாமற் செல்லும் என்பது மெய்யே. ஆயின் பின்னச்சின் நடுவேயுள்ள டிஃபரென்ஷியல் உருண்டை, வில்லை எவ்வளவு உயர்த்தினும் தரையினின்று சிறிதும் உயராது. அது அச்சோடு ஒன்றியது. பெரிய டயரே அதனை உயர்த்தும்.

முன்புறத்தில் தொல்லை மிகுதி. சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பில், உயரம் கூடக்கூடச் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுகள் மிகுந்த கோணத்தில் வளைந்து விரைவில் தேயும். சக்கரத்தின் சாய்வு மாறுதலால் டயர் ஒருபுறம் தேயும். சாய்வைத் திரும்பச் சீராக்கல் இன்றியமையாதது. பள்ளத்திற் சக்கரம் கீழிறங்குவதற்கு இருந்த இடம் குறையும். பிரேக் குழாய் நீளம் போதாது இழுபடவுங்கூடும். வண்டியின் பாரமையம் உயர்வதால் திருப்பத்திற் கவிழும் அபாயமும் மிகும். பொதுவாக 50 மி.மீ. அளவோடு நின்றுவிடுதல் அறிவுடைமை.

மறைந்திருக்கும் அபாயம்

இவையனைத்தினும் மேலாக நாம் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்று. வில்லை வலுப்படுத்தினால் வண்டியின் வலிமை முழுவதும் கூடிவிட்டதென்று எண்ணுதல் பெரும் பிழை. அச்சு, பிரேக், அடிச்சட்டம் ஆகியவை முன்போலவே உள்ளன. வண்டியைச் செய்தவர் வரையறுத்த மொத்த எடையும் முன்போலவே உள்ளது. அவ்வெல்லையை உயர்த்த வேண்டுமாயின், ஆஸ்திரேலியாவில் அதற்கென ஆராய்ந்து சான்றளிக்கப்பட்ட வில்தொகுதியும் அரசாங்கத்தின் ஒப்புதலும் வேண்டும்.

பாரத்தின் அளவேயன்றி அதன் இடமும் முக்கியமானது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால், நெம்புகோலின் விதிப்படி பின்னச்சின்மேல் 133 கிலோ கூடும். முன்னச்சினின்று 33 கிலோ குறையும். திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் உரிய முன்சக்கரங்கள் அவ்வளவுக்கு இலேசாகும். தாழ்ந்த பின்புறத்தை நிமிர்த்தச் சிலர் காற்றுப்பைகளை வைக்கின்றனர். பட்டைவில் தன் பாரத்தை அடிச்சட்டத்தின் ஈரிடங்களிற் பகிர்ந்து கொடுக்கும். காற்றுப்பையோ அச்சுக்கு நேர்மேலே ஓரிடத்தில் தாங்கும். பின்னே மிகுந்த பாரம் தொங்க, வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் குதிக்குங்கால், அடிச்சட்டம் வளைந்து முறிவதுண்டு. வெளித்தோற்றத்தில் வண்டி நிமிர்ந்தே நின்றது. அந்நிமிர்ச்சியே உள்ளிருந்த பாரத்தை மறைத்துவிட்டது. அடுத்த ஊர் நூறு கி.மீ.க்கு அப்பாலிருக்கும் வறண்ட வெளியிலே இது நேருமாயின், இழப்பது வண்டி மட்டுமன்று. குடிநீருள்ள காலமே உயிருள்ள காலமாகும்.

ஆகவே இவ்வேலையிற் புகுவோர், முதலில் பயணத்துக்குரிய பொருள்களோடு வண்டியை எடைமேடையில் நிறுத்துக, மிகையானவற்றை இறக்குக, கனமானவற்றை அச்சுகளுக்கு இடையே தாழ வைத்துக் கட்டுக, அதன் பின்னர் எஞ்சிய பாரத்துக்கேற்ற வில்லையும், அவ்வில்லுக்கேற்ற ஷாக் அப்ஸார்பரையும் தேடுக. இம்முறையிற் செல்வோர் சிலர், புது வில்லே வேண்டுவதில்லையென்று கண்டு, அப்பணத்தை மிச்சப்படுத்துவதும் உண்டு.