உலோகங்கள் நீருடன் தாக்கம் புரிதல்

மாணவர்களே, "உலோகங்கள் நீருடன் தாக்கமுற்று ஐதரசனைத் தரும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வந்தால் முழுப்புள்ளி கிடைக்காது. எந்த உலோகம், எந்த நீர் என்பதையும் குறிப்பிட வேண்டும். குளிர்நீர், சூடான நீர், கொதிநீராவி ஆகிய மூன்றும் இங்கு ஒன்றல்ல.

பொற்றாசியம், சோடியம் என்பன குளிர்நீருடனேயே உக்கிரமாகத் தாக்கமுறும். இவற்றின் அணுக்கள் ஈற்றோட்டிலுள்ள ஒரே இலத்திரனை எளிதில் இழப்பதே காரணம். சோடியம் நீரிலும் அடர்த்தி குறைந்தது, எனவே மிதக்கும். அதன் உருகுநிலை 98 பாகை செல்சியசு மாத்திரமே. தாக்கத்தில் வெளிவரும் வெப்பத்தாலேயே அது உருகி, சிறு கோளமாக நீரின் மேல் அங்குமிங்கும் ஓடும். பினோத்தலீன் இட்ட நீராயின் இளஞ்சிவப்பாகும், ஏனெனில் சோடியம் ஐதரொட்சைட்டு ஒரு காரம். பொற்றாசியத்தில் ஐதரசன் தானாகவே தீப்பற்றி ஊதாநிறச் சுவாலை தோன்றும். கல்சியம் முதலில் அமிழும். பின் ஐதரசன் குமிழிகள் ஒட்டிக்கொள்வதால் மேலெழும், நீரும் பால்போற் கலங்கும்.

மகனீசியத்தில்தான் பலர் புள்ளியை இழக்கின்றனர். குளிர்நீருடன் அதன் தாக்கம் மிக மெதுவானது. சூடான நீருடன் சற்று விரைவாக நிகழ்ந்து மகனீசியம் ஐதரொட்சைட்டைத் தரும். கொதிநீராவியிலோ பிரகாசமான வெண்ணொளியுடன் எரியும். அப்போது விளைவு ஐதரொட்சைட்டு அன்று, ஒட்சைட்டு:

மகனீசியம் + கொதிநீராவி → மகனீசியம் ஒட்சைட்டு + ஐதரசன்

உயர்வெப்பநிலையில் ஐதரொட்சைட்டு நிலைத்திருக்காது என்பதை விளங்கிக்கொண்டால் மனனம் செய்யத் தேவையில்லை. (கலைப்பிரிவில் படித்த நான் இதை மனனம் செய்துதான் பரீட்சைக்குப் போனேன், மறந்தும் போனேன்.) அந்த வெண்ணொளி தாக்கத்தின் விளைவேயன்றிக் காரணமன்று. "ஒளி படுவதால் தாக்கம் நிகழ்கிறது" என எழுதவேண்டாம். எரியும் மகனீசியத்தின் மீது நீர் ஊற்றுவதும் ஆபத்து. ஐதரசன் உண்டாகி தீ மேலும் பெருகும். உலர்மணலே ஏற்றது.

நாகமும் செஞ்சூடான இரும்பும் கொதிநீராவியுடன் தாக்கமுறும். இரும்பு தருவது கருநிற ஒட்சைட்டு, துரு அன்று. 1780களில் லவோசியே செஞ்சூடான துப்பாக்கிக் குழாயினூடு நீராவியைச் செலுத்தி ஐதரசனைப் பெற்றது இத்தாக்கத்தினாலேயே. செம்பு கொதிநீராவியுடனும் தாக்கமுறாது.

பயிற்சி: தாக்கவீதத் தொடரில் அலுமினியம் நாகத்துக்கு மேலே உள்ளது. ஆயினும் அலுமினியப் பானையில் நீர் கொதிக்கவைக்க முடிவது ஏன்?

விடை: மேற்பரப்பிலுள்ள மெல்லிய, இறுக்கமான அலுமினியம் ஒட்சைட்டுப் படை நீர் உலோகத்தை அடையாது தடுப்பதால்.