மாட வீதியில் மூன்றடி உயரம்

மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவின் மூன்றாம் நாள் விடியலில், கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கக்கூட இடம் கிடைக்காது. கபாலீசுவரர் அதிகார நந்தியின் மேல் கோபுர வாசலைக் கடந்து வெளியே வரும்போது, இளவெயில் வெள்ளி வாகனத்தின் மேல் நேராக விழும். அந்த ஒரு கணத்துக்காக நூற்றுக்கணக்கான கேமராக்கள் கைகளுக்கு மேலே உயர்ந்திருக்கும். படம் அழகாகவே வரும். ஆனால் எல்லாரும் ஒரே படத்துக்காக முண்டியடிக்கும் இடத்தில் பலருடைய முகத்தில் திருவிழாக் களை இருப்பதில்லை. வேலைக்கு வந்தவரின் இறுக்கம்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளாக இதே வீதிகளில் படமெடுக்கும் புகைப்படக்காரர் ஒருவர் இதற்கு வழி கண்டுவைத்திருக்கிறார். சுவாமி புறப்பாட்டுக்கு நெடுநேரம் முன்பே வந்துவிடுகிறார். முதலில் கடைகள்.

மரச்செப்பு, ஊதல், பலூன், பஞ்சு மிட்டாய் என்று மாட வீதி நெடுகப் பரப்பியிருக்கும். அவர் நிற்பது மேள வண்டிக்காரரிடம். களிமண் வளையத்தில் காகிதம் ஒட்டிய குட்டி மேளம், கீழே இரண்டு சக்கரம். நூலைப் பிடித்து இழுத்தால் இரண்டு குச்சிகள் மாறி மாறித் தட்டும். “இழுத்துப் பாருங்க சார், சும்மா பாருங்க” என்பார் கடைக்காரர். இவரும் இழுப்பார். நாலடி போவதற்குள் பின்னால் ஒரு குழந்தை வந்து நிற்கும். அதன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்படியே குந்தி உட்கார்ந்து கேமராவை எடுப்பார். ஒட்டிய காகிதத்தின் சுருக்கம்வரை படத்தில் விழும்.

குந்தி உட்காருவதுதான் அவர் சொல்லும் முதல் பாடம். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் திருவிழா வேறு மாதிரி இருக்கிறது. வேட்டிக் கரைகள், கொலுசுகள், வானத்தை மறைக்கும் பலூன் கொத்து, அதன் இடைவெளியில் தெரியும் ஒரு துண்டுக் கோபுரம். நம் எல்லாருக்கும் ஒரு காலத்தில் இந்தக் காட்சி பழக்கமாக இருந்தது.

எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழாவில் உயரம் தலைகீழாகிறது. நாயன்மார்களின் சிறிய செப்புத் திருமேனிகள் பல்லக்குகளில் தோள்மேல் வருகின்றன. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கிறது. கூட்டத்தில் நாயன்மாரை நேருக்கு நேர் பார்ப்பவர்கள் குழந்தைகள் மட்டுமே! கேமராவின் திரையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அந்தப் பார்வை கிடைக்கும்.

அன்று காலை, இறந்துபோன பூம்பாவை என்ற பெண் உயிர்பெற்ற நிகழ்ச்சி நடக்கிறது. நாயன்மார்களில் ஒருவரான சம்பந்தர் தம் பதிகத்தில் ஓணம், கார்த்திகை, திருவாதிரை, தைப்பூசம் என்று மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமலா போய்விடுவாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறார். இறந்துபோனவளை அழைக்க அவர் எடுத்துக்காட்டியது திருவிழாக்களைத்தான். அந்தப் பதிகத்தைத் தெரிந்துகொண்டு வந்தால், கேமராவும் அவசரப்படாது.

கருவி விஷயத்தில் அவர் அதிகம் சொல்வதில்லை. ஒரு கேமரா, ஒரு 35 மி.மீ. லென்ஸ். தோளில் பெரிய பை இருந்தால் நெரிசலில் பிறருக்கும் இடைஞ்சல், நீர்மோர் வாங்கவும் கை இருக்காது. சுமந்து வரும் சீர்பாதம் தாங்கிகளின் நடையில் வாகனம் அசைந்தபடியே வரும் என்பதால் ஷட்டர் 1/250 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறார். ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனத்துக்கு ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றுகிறார். ஃபிளாஷ் போடுவதே இல்லை. விளக்கொளியின் மஞ்சள் போய்விட்டால் இரவின் பாதி போய்விடும். இதையெல்லாம் வீட்டிலேயே அமைத்துவிடுவதால், வீதியில் பட்டன்களைத் தேட வேண்டியதில்லை.

நாகசுரத்தில் புறப்பாட்டு இசையான மல்லாரி எழுந்ததும் சில நிமிடங்கள் அவர் படமே எடுப்பதில்லை. கேமரா மார்பில் தொங்கும், கண் தவிலின் பக்கம் போகும். அந்தச் சில நிமிடங்களில் போகும் படங்கள் போகட்டும். அதற்குப் பிறகு எடுப்பவைதான் அவருடைய நல்ல படங்கள்.

விழா முடிந்ததும் கடைக்காரர்களின் படங்களை அச்சிட்டு, அவர்களிடமே கொடுப்பதற்காக வைத்துக்கொள்கிறார். மேள வண்டிக்காரரின் படம் அடுத்த பங்குனிக்குக் காத்திருக்கும். பொம்மை வியாபாரிகள் சிலரை அவ்வளவு நாள் காக்கவைக்க வேண்டியதில்லை, நவராத்திரிக்கு முன்பே வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடை போட்டுவிடுவார்கள்.