மைக் வாங்கும் முன் அறையைக் கேளுங்கள்

இணையவழி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களும் வீட்டிலிருந்தே யூடியூபுக்குக் குரல் பதிவு செய்பவர்களும் சொல்லும் புகார் ஏறக்குறைய ஒன்றுதான்: "குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, கூடவே ஓர் இரைச்சல். நல்ல மைக் ஒன்று சொல்லுங்கள்." கடைக்குக் கிளம்புவதற்கு முன், குரல் ஏன் அப்படி ஆகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

மடிக்கணினியின் மைக் உங்கள் வாயிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கிறது. தூரம் இரு மடங்கானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். ஆனால் சுவரிலும் டைல்ஸ் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படிக் குறைவதில்லை. மின்விசிறிச் சத்தமும் அப்படியே இருக்கும். மெலிந்த குரலைக் கணினி தூக்கிவிடும்போது இவையும் சேர்ந்து எழும்புகின்றன.

ஆகவே, கையில் இருக்கும் ஒயர் இயர்போனின் மைக்கிலேயே ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். பாதியில் மின்விசிறியை நிறுத்துங்கள். இரைச்சல் அதோடு போய்விட்டால் காரணம் தெரிந்துவிட்டது. குரல் மட்டும் கூடம்போல் ஒலித்தால் குறை அறையில். விசிறி நின்ற பிறகும் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டை ஒலி கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அதில் நின்றுவிட்டால் கோளாறு மின் இணைப்பில், பெரும்பாலும் எர்த்தில் இருக்கும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

இனி மைக். கண்டென்சர் வகை (மின்சாரம் பெற்று இயங்கும், நுண்ணுணர்வு மிக்க மைக்) துல்லியமானது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் அதே துல்லியத்தோடு பதிவு செய்யும். டைனமிக் வகை (காந்தத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்து இயங்குவது) அவ்வளவு நுட்பமானதல்ல. இது இரைச்சலை வடிகட்டும் என்று விற்பனையாளர் சொல்வார். வடிகட்டாது. அதனிடம் நெருங்கிப் பேசியாக வேண்டும், அதனால் குரல் இரைச்சலை மிஞ்சுகிறது, அவ்வளவுதான். மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத நம் அறைகளுக்கு அதுவே போதும்.

ஸ்டாண்டு, வலை எல்லாம் சேர்த்து மலிவாக வரும் கண்டென்சர் செட்டுகளில் கவனம் தேவை. இவ்வகை மைக்குகள் பலவற்றுக்கு 48 வோல்ட் (ஃபேன்டம் பவர்) வேண்டும். கணினியின் ஹெட்போன் துளை தருவது சில வோல்ட்டுகளே. அதில் செருகினால் குரல் மெலிந்தும் 'உஸ்' என்ற ஒலியோடும் வரும். காலர் மைக் வாங்குவதானால் பிளக்கின் உலோகத் தண்டில் உள்ள வளையங்களை எண்ணுங்கள். ஒரே துளை உள்ள மடிக்கணினிக்கு மூன்று வளையம் வேண்டும். இரண்டு வளையம் உள்ளது கேமராவுக்கானது. யுஎஸ்பி மைக்கில் இந்தத் தொல்லையே இல்லை. புளூடூத் ஹெட்செட்டைப் பதிவுக்குப் பயன்படுத்த வேண்டாம். மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலித்தரம் பெரும்பாலும் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும்.

வகுப்பு, அலுவலகக் கூட்டம் மட்டும் என்றால் ஒயர் உள்ள யுஎஸ்பி ஹெட்செட் போதும். குரல் பதிவுக்கு கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே முக்கியமாக வாங்கும்) யுஎஸ்பி டைனமிக் மைக் என் தேர்வு. ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள். 'ப' ஒலியின் காற்று நேரே மோதாது. மைக்கின் முதுகு இரைச்சல் வரும் பக்கம் இருக்கட்டும். உரத்துப் பேசும்போதும் அளவுமானி -12 டெசிபலுக்கும் -6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி கெய்னை (ஒலியைக் கூட்டும் அளவு) வையுங்கள்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. எதிரொலி அதற்கு அடங்காது, தீப்பிடிக்கும் அபாயம் வேறு. தடித்த திரைச்சீலையோ, சுவரோரம் நிறுத்திய மெத்தையோ, துணி நிறைந்த திறந்த அலமாரியோ நன்றாக உதவும்.

கடையின் ஏசி அறையில் கேட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மைக்கைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், வழக்கமாகப் பேசும் அதே நேரத்தில், உங்கள் அறையிலேயே பதிவு செய்து கேட்டுவிடுங்கள்.