மெலியும் கையின் காரணம் தேடி

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரை ஆயிரக்கணக்கான கைகள் வடம்பிடித்து இழுக்கின்றன. அண்டை ஊரான இராசபாளையத்தின் நூற்பாலைகளில், அறுந்த இழையை ஒரு தொழிலாளியின் பெருவிரலும் சுட்டுவிரலும் நொடிப்பொழுதில் இணைத்துவிடுகின்றன. முன்னதில் தோளின் பெருந்தசைகள் உழைக்கின்றன. பின்னதில் உள்ளங்கையின் சிறுதசைகள். இரண்டுக்கும் ஆணை நரம்பின் வழியே வருகிறது. மூளை அனுப்பும் செய்தியைத் தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணு பெற்றுத் தசைக்குக் கடத்துகிறது. அந்த ஒற்றை அணுவின் இழை, தண்டுவடத்தில் தொடங்கிப் பாதம்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள்வதும் உண்டு. தேரை இழுக்கும் வடமே தண்டுவடம் என்னும் சொல்லிலும் இருக்கிறது.

கை மெலிந்தால் பழுது தசையிலா, நரம்பிலா என்பதே மருத்துவரின் முதல் வினா. மரபுவழித் தசைநோய்கள் பெரும்பாலும் இடுப்பையும் தோளையும் முதலில் தாக்கும். அந்நோயாளிக்குத் தேர்வடம் இழுக்க இயலாது. ஆயினும் அறுந்த இழையை இணைக்க இயலும். இயக்க நரம்பணு நோயிலோ பல நேரங்களில் கையின் சிறுதசைகள் முதலில் சூம்பும். தோலுக்கடியில் தசை துடிப்பது கண்ணுக்கே புலப்படும். தசை மின்வரைவு என்னும் சோதனை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும்.

இயக்க நரம்பணு நோய்களுள் பரவலாக அறியப்பட்டதைப் பாரிசு மருத்துவர் சார்க்கோ 1869இல் விளக்கினார். அது பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தோரைப் பற்றும். பலரை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மூச்சுத்தசைகள் தளர்ந்து இறக்கச்செய்யும். மருத்துவ நூல்கள் கற்பித்த இலக்கணம் இதுவே.

இலக்கணத்தில் அடங்காத நோயாளிகள்

சென்னைக்கு மருத்துவம் நாடி வந்த சிலர் இந்த இலக்கணத்துள் அடங்கவில்லை. அவர்கள் இளைஞர்கள். கைகால்கள் மெலிந்திருந்தன, முகத்தசைகள் தளர்ந்திருந்தன, நாக்குச் சூம்பியதால் பேச்சுக் குழறியது, விழுங்குவதும் கடினமாயிற்று. இவற்றோடு பலருக்கு இரு காதுகளும் கேளாமற்போயின. இயக்க நரம்புகளின் நோய், கேட்கும் நரம்பை ஏன் தொடவேண்டும்? நோய் விரைந்து முற்றவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்தது. குடும்பத்தில் வேறெவர்க்கும் அது பெரும்பாலும் காணப்படவில்லை.

நூலுக்குப் பொருந்தாத நோயாளியை விதிவிலக்கு என ஒதுக்கிவிடுவது எளிது. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகிய மூவரும் அவ்வாறு ஒதுக்கவில்லை. சென்னையில் இளவயதினரிடம் தாம் கண்ட இந்நோயை 1970இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் கட்டுரையாக வெளியிட்டனர். இவர்களுள் இராமமூர்த்தி, 1951இல் தொடங்கப்பெற்ற இந்திய நரம்பியல் கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவர். இவர்கள் விளக்கிய நோய் ‘மதராஸ் இயக்க நரம்பணு நோய்’ என உலக மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றது. நகரின் பெயர் மாறிய பின்னும் நோயின் பெயர் மாறவில்லை!

இருபது வயது மகனை அழைத்துவரும் தாய்க்கு மருத்துவர் என்ன விடை கூறுவார்? சார்க்கோவின் நோயை மட்டும் அறிந்தவர், எஞ்சிய ஆண்டுகளை விரல்விட்டு எண்ணக்கூடும். சென்னைக் கட்டுரையைக் கற்றவரோ, இவன் பல்லாண்டு வாழக்கூடும். செவிக்கருவிக்கும் விழுங்கும் பயிற்சிக்கும் வழிசெய்யுங்கள். படிப்பை நிறுத்தவேண்டா என்று கூற இயலும். ஓர் ஆய்வுக்கட்டுரை ஒரு வீட்டுக்குள் செய்யும் வேலை இது.

முப்பத்தாறு ஆண்டுப் பதிவு

பெங்களூருவின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் இத்தேடல் தொடர்ந்தது. 1971 முதல் 2007 வரை கண்ட 116 நோயாளிகளின் நிலையை நளினி தலைமையிலான குழு 2008இல் வெளியிட்டது. ஆண்டுக்கு மூவருக்குச் சற்றே மேல்! இத்தகைய அரிய நோயை, ஏடுகளைப் பேணிக் காக்கும் மருத்துவமனையன்றி வேறெதுவும் கண்டுகொள்ள முடியாது.

இந்நோயை ஒத்த இன்னொரு நோயும் உண்டு. அதிலும் செவித்திறன் குன்றும். முகமும் நாக்கும் தளரும். ரிபோஃபிளேவின் எனப்படும் பி2 உயிர்ச்சத்தை உயிரணுக்களுக்குள் கொண்டுசேர்க்கும் மரபணுவில் உள்ள குறையே அதற்குக் காரணம் என்பது 2010இல் தெரியவந்தது. அச்சத்தை மிகுதியாகக் கொடுத்தால் நோயாளி தேறவும் கூடும். மதராஸ் நோய்க்கும் அதுவே காரணமாயின் மருந்து கிடைத்துவிடும் அன்றோ? பெங்களூருக் குழு இதனையும் ஆராய்ந்தது. தம் நோயாளிகளிடம் அம்மரபணுக் குறை இல்லை என்றும், இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றும் 2013இல் எழுதியது. ஆகவே இளவயதில் கைமெலிவும் செவித்திறன் குறைவும் சேர்ந்து வருமாயின், இவ்விரண்டில் எது என்பதை மரபணுச் சோதனையால் பிரித்தறிதல் வேண்டும். ஒன்றுக்கு மருந்து இருக்கிறது.